கதவில்லாத அலமாரிகள்

கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் தோன்றியது. அடுத்த மூச்சில், எலி இவ்வளவு கேவலமாக நாறாது என்று தோன்றியது. செத்த எலியின் மேல் கெட்டுப்போன பாலை ஊற்றி, ஈரத்துணியால் பொத்தி வைத்தது போன்ற வாடை. சின்னவள் தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள். எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதற்குள் மூக்குக்குப் பழகிவிட்டது. வாடை போய்விட்டது. அதாவது, வாடை இருந்த இடத்தில்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எத்தனை நாளாக இப்படி நாறுகிறதோ. எத்தனை நாள் இதற்குள் உட்கார்ந்து வக்கணையாகச் சாப்பிட்டாளோ.

மறுநாள் காலை அக்கா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாள். அப்பாவுக்குக் கண்புரை எடுத்திருந்தார்கள். கண் ஆறும்வரை, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணி தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். அம்மா போன பிறகு அப்பா பெரியவள் வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டில் சோபாவுக்கு உறை உண்டு, உறைக்கு மேல் ஒரு துண்டு உண்டு. அப்பா உட்கார்ந்து எழுந்தால் துண்டின் சுருக்கத்தை நீவிவிட யாராவது வந்து நிற்பார்கள். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. வந்து நீவுவார்கள், அவ்வளவுதான். இந்த முறை அவராகவே வாய்விட்டுக் கேட்டிருந்தார், கண் ஆறுகிறவரை சின்னவளிடம் இருக்கிறேன் என்று. பெரியவள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். ஆனால் தான் நேரில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் விட்டுவிட்டுப் போவாளாம். சரியில்லை என்றால் அதே காரில் அப்பாவைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவாளாம்.

சின்னவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வயதில் அந்தக் குடும்பத்தில் யாரும் அவளை நம்பி ஒரு பூந்தொட்டியைக்கூட விட்டுவிட்டு ஊருக்குப் போனதில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து, எது ரத்தம், எது எண்ணெய், எது மை, எது வாயால் சொல்லக்கூடாதது என்று பார்த்துத் தனித்தனியாகப் போடுவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யும் வேலை அது. அங்கே அவளுக்குக் ‘கறை டாக்டர்’ என்று பெயர். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு புதுத் திடுக்கிடல். ஒவ்வொரு இயந்திரமும் வேலை முடிந்ததும் காது கிழிய அலறும். அங்கே அவள் எதையும் மறந்தது கிடையாது. வீட்டில்தான் எதுவும் அலறுவதில்லை. பால் பொங்கும்போது அலறாது. ஈரத்துணி புளிக்கும்போது அலறாது.

சின்ன வயதில் வீட்டில் அவளுக்கு ‘அரைகுறை’ என்று பெயர். பாதி பின்னிய சடையோடு பள்ளிக்கூடம் போவாள். பாதிக் கணக்கில் எழுந்து ஓணான் பார்க்கப் போய்விடுவாள். வளர்ந்த பிறகும் அதே கதை, ஓணான்தான் மாறியது. சென்ற வருடம் ஒரு டாக்டரம்மா நிதானமாகக் கேள்வி கேட்டு, பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளையும் பார்த்துவிட்டு, அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். இது சோம்பேறித்தனம் இல்லை, திமிரும் இல்லை, மூளை கவனத்தைப் பங்கிடும் விதமே வேறு என்றார். காலையில் போட ஒரு மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை ஒரு கை பிடிக்கும், மறு கையை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

சின்னவள் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். அக்காவிடம் சொன்னபோது அக்கா, “இதுக்கும் ஒரு பேரு வச்சுட்டாங்களா,” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். டைரி எழுது. விடியற்காலையில் எழுந்திரு. மனசு வைத்தால் முடியாதது உண்டா. அந்தக் கடைசிப் புத்திமதியைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். நாள் முழுக்க அவள் வைத்துக்கொண்டிருந்தது மனதைத்தான். மற்றவர்கள் அனிச்சையாகச் செய்துவிட்டுப் போகும் காரியத்துக்கெல்லாம் அவள் மனதை வைத்து வைத்து, சாயங்காலத்துக்குள் அது கந்தலாகிவிடும்.

அதனால் மனதை நம்புவதை விட்டாள். தன் கால்களை நம்ப ஆரம்பித்தாள்.

ஒற்றைச் செருப்பு அவளே கண்டுபிடித்த வழி; போனில் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். எந்தக் காரியம் மறக்கக்கூடாதோ, அந்தக் காரியத்தின் மேல் ஒரு செருப்பைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். மதியச் சாப்பாட்டை மறக்காமலிருக்க, உறை போட்ட செருப்பு ஃபிரிட்ஜுக்குள். துவைத்த துணியை உலர்த்த மறக்காமலிருக்க, செருப்பு துவைக்கும் இயந்திரத்தின் தலையில். எதை மறந்தாலும் ஒரு காலில் மட்டும் செருப்போடு யாரும் தெருவில் இறங்கமாட்டார்கள். தேடிக்கொண்டு போவாள், செருப்பு கிடைக்கும், காரியமும் கிடைக்கும். கைப்பேசியின் அலாரத்தைக் காது கேட்பதற்கு முன்பே விரல் அணைத்துவிடுவதால், கைப்பேசியை ஒரு எவர்சில்வர் குண்டானில் போட்டுக் குளியலறையில் வைப்பாள். அது குண்டானுக்குள் கிடந்து அதிர்ந்தால் அடுத்த வீட்டுக்காரரே எழுந்துவிடுவார். பாத்திரம் தேய்க்கும்போது, கூட வேலை பார்க்கும் இஸ்திரி அண்ணனுக்குப் போன் போடுவாள். அவர் அங்கே தன் வீட்டு வேலையைப் பார்ப்பார், இவள் இங்கே தேய்ப்பாள். இருவரும் பேசிக்கொள்வதுகூட இல்லை. லைனில் ஒரு ஆள் மூச்சு விட்டால் போதும், அவள் தொட்டியை விட்டு நகரமாட்டாள்.

எல்லாவற்றிலும் பெரியது அலமாரி. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது எதுவும் அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றிவிட்டாள். பருப்பு, துணி, மாத்திரை, சோப்பு எல்லாம் கண்ணுக்கெதிரே பளிச்சென்று நின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் சமையலறையின் நடுவில், காலில் இடறுகிற இடத்தில், திறந்த கூடையில். அந்த வருடம்தான் அவள் வீட்டில் எதுவும் அழுகவில்லை.

பெரியவளுக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. மளிகைக்கடை மாதிரி இருக்கிறது என்றாள். அப்பா வரப்போகிறார் என்று முடிவானதும், சில வாரங்களுக்கு முன்பே ஒரு நாள் வந்து, உதவி என்ற பெயரில் வீட்டைப் புரட்டிப்போட்டாள். தந்த நிறத்தில் மூடி போட்ட டப்பாக்கள் கொண்டுவந்திருந்தாள். அலமாரிகளுக்குப் பூப்போட்ட திரை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அக்காவின் கார் தெருமுனை திரும்பியதும் கைக்கு எட்டிய திரைகளைக் கழற்றினாள், டப்பாக்களின் மூடிகளைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். பாதியில் கூரியர்காரர் மணியடித்தார். கதவைத் திறக்கப் போனவள் அதோடு அந்த வேலையை மறந்தாள்.

இப்போது அந்த வீட்டுக்குள்தான் எதுவோ நாறிக்கொண்டிருந்தது.

மாத்திரையின் தயவு சாயங்காலத்தோடு தீர்ந்துவிடும். அது தெரிந்துதான் அவள் இஸ்திரி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, லைன்ல இருங்க. வீட்ல ஏதோ நாறுது, தேடணும்.”

“இருக்கேன். நாத்தத்த மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிடாத.”

கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பச்சைப் பூஞ்சை தாடி விட்டிருந்த காப்பிக் கோப்பை ஒன்று கிடைத்தது. இதுதான் என்று சந்தோஷமாக எடுத்துக் கழுவினாள். அது இல்லை. துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் இடுக்கில் ஒரு ஒற்றைக் காலுறை கொழகொழத்துப்போய்க் கிடந்தது. இரண்டு விரலால் இழுத்துக் குப்பையில் போட்டாள். அதுவும் இல்லை. ஊரான் வீட்டு அழுக்கை வெறும் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்கிறவள், தன் வீட்டு அழுக்கு எது என்று தெரியாமல் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

மூக்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தால், வாசலில் ஒரு கணம் வாடை தெரியும். அந்தக் கணத்துக்குள் திசையைப் பிடிக்க வேண்டும். முதல் முறை போய் வந்ததில் சமையலறைப் பக்கம் என்று தெரிந்தது. இரண்டாம் முறை வெளியே போனபோது, கீழே லிஃப்ட் பழுது பார்ப்பவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திணறுவதைப் பார்த்தாள். டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். லிஃப்டுக்குள் இருக்கும் கம்பிகளுக்கு ஏன் இத்தனை நிறம் என்று கேட்டாள். அவரும் சளைக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் மேலே ஏறி வந்தபோது மேசைமேல் போன் இன்னும் லைனில் இருந்தது.

“எங்க போய்த் தொலைஞ்ச? இவ்வளவு நேரமா உங்க வீட்டுக் குழாய் சொட்டுறதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். என் சட்டையெல்லாம் தேய்ச்சு முடிச்சுட்டேன்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சாக்கடை மூடியைத் திறந்து பிளீச்சிங் தூளைக் கொட்டினாள். குப்பைக்கூடையைக் கழுவி, வெயிலில் காயவைப்பதாக நினைத்துக்கொண்டு மாலை இருட்டில் கவிழ்த்து வைத்தாள். வீடு முழுக்க நீச்சல்குளம் மாதிரி மணத்தது. அதற்கு அடியில் எலி வாடை அப்படியே இருந்தது.

காலையில் அக்கா வாசலைத் தாண்டும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அப்பா, ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் துண்டு எதுவும் இல்லை. அவர் உடம்பைத் தளர்த்திச் சாய்ந்தார்.

“என்னடி இது, பொணவாடை,” என்றாள் அக்கா.

சின்னவள் எலியாக இருக்கலாம் என்றாள், தேடுகிறேன் என்றாள், சாரி என்றாள். அக்கா சொட்டு மருந்தைக் குளிரில் வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பால் பக்கத்தில் உறை போட்ட ஒற்றைச் செருப்பு இருந்தது. இன்றைக்கு லீவு போட்டிருந்தும், ராத்திரி பழக்கதோஷத்தில் வைத்துவிட்டிருந்தாள். அக்கா அதை எட்டி நின்று பார்த்தாள். சாக்கடையில் எதுவோ மிதப்பதைப் பார்க்கிற பார்வை. பிறகு, மிக மெதுவாக, கோபம் கூட இல்லாத குரலில் சொன்னாள்.

“இந்தக் கையாலதான் அப்பா கண்ணத் தொடப்போறியா?”

சின்னவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவரிடம் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்றாள். ஆனாலும் சுத்தம் பழகிய கை சும்மா இருக்காது. போவதற்கு முன் தரையையாவது துடைத்துவிட்டுப் போகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். துடைக்கும் துணிகளைப் போன முறை தானே ஒரு டப்பாவில் போட்டுத் தொட்டிக்கு அடியில் வைத்ததாகச் சொன்னாள். தொட்டிக்கு அடியில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. கூரியர்காரர் மணியடித்த அன்று தப்பித்த திரை. சின்னவள் தினமும் அதன் முன்னால் நின்று பாத்திரம் தேய்த்திருக்கிறாள். சத்தியமாக அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

அக்கா திரையை விலக்கி, டப்பாவை இழுத்து, மூடியைத் திறந்தாள்.

உள்ளே துணி இல்லை; ஒரே மாதிரி டப்பாக்களில் அது வேறு டப்பா. ஒரு காலத்தில் உருளைக்கிழங்காக இருந்தவை, கறுத்து, தோல் மட்டும் மிதக்க, கூழாகக் கரைந்து கிடந்தன. கூழுக்குள் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. மூடிக்குள் இத்தனை நாள் அடைபட்டிருந்த நாற்றம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அக்கா டப்பாவைத் தரையில் நழுவவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். கூழ்த்துளி ஒன்று தெறித்து அவள் வெள்ளைக் கால்விரல்களில் விழுந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியதும் அவள் கேட்டது இதுதான்: “இத்தன நாளா இதத் திறந்துகூடப் பாக்கலையாடி நீ?”

சாரி என்ற சொல் சின்னவளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது எப்போதும் அங்கேயே தயாராக இருக்கும், யாராவது முகம் சுளித்தால் தானாக வெளியே விழும். பாதிச் சொல் வந்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். அந்தக் கூழைவிட அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. யார் எதை அழுகவிட்டாலும் முதலில் மன்னிப்புக் கேட்கிற நாக்கு. விழுங்கினாள்.

“இந்தக் கெழங்கு கூடையில நடுவுல கெடந்துச்சுக்கா. தெனமும் கால்ல இடிக்கும், எடுத்து வேகவைப்பேன். நீதான் டப்பாவுல போட்டு மூடி, திரையும் போட்ட.”

“அழகா இருக்கட்டும்னு பண்ணேன். நல்லதுக்குத்தான பண்ணேன்?”

“நல்லதுக்குத்தான். ஆனா மூடி வச்சா எனக்கு அது இல்லக்கா. இல்லவே இல்ல. அதனாலதான் கதவையெல்லாம் கழட்டினேன். ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அக்கா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது குளியலறையில் குண்டான் அதிர ஆரம்பித்தது. வீடு முழுக்க அந்த எவர்சில்வர் கூச்சல். அப்பாவே திடுக்கிட்டு நிமிர்ந்தார். மருந்து நேரம். வாக்குவாதத்தில் அக்காவுக்கு அது நினைவே இல்லை.

சின்னவள் குளியலறைக்கு ஓடி அலாரத்தை அணைத்தாள். டப்பா கழுவ வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டாள். மருத்துவமனை மூட்டைகளைத் தொட்ட பிறகு கழுவுகிற மாதிரி, முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினாள். அப்பாவின் தலையைப் பின்னால் சாய்த்து, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, கீழிமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு விட்டாள். அக்கா பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல எதுவும் கிடைக்காதது அவள் முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, “எழுந்திருங்கப்பா, கிளம்பலாம். மனுஷன் மூச்சுவிட முடியல இங்க,” என்றாள்.

அப்பா கண்ணை மூடியபடியே இருந்தார். “எனக்குக் கண்ணுதான் சரியில்ல. மூக்கு நல்லாத்தான் இருக்கு. நாத்தம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு, இனி போயிடும்,” என்றார். பிறகு சின்னவள் பக்கம் கையை நீட்டினார். “சின்னவளே, வாசல்ல என் செருப்பு இருக்கும். அதுல ஒண்ண எடுத்து எங்கயாவது வச்சுடு.”

“எங்கப்பா?”

“உன் இஷ்டம். அந்த ஐஸ்பொட்டிக்குள்ளயே வேணும்னாலும் வை. ஒத்தச் செருப்போட உங்கக்கா என்ன எப்படிக் கூட்டிட்டுப் போறான்னு பாக்கலாம்.”

அக்கா அவரை ஒரு நிமிடம் முறைத்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உங்கள் இஷ்டம், அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கழுவிய கால்விரல்களை மறுபடி கழுவப் பால்கனிக் குழாய்க்குப் போனாள்.

அந்த இடைவெளியில் சின்னவள் சமையலறைக்குப் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூழை ஒரு தடித்த பையில் கவிழ்த்தாள். பையை இன்னொரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். அப்படியும் வாடை கசிந்தது. இதை இங்கே எந்த மூலையில் வைத்தாலும், நாளைக்குள் தான் மறந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அப்பாவின் ஒரு செருப்பை எடுத்து, உறையில் போட்டு, ஃபிரிட்ஜில் மருந்து வைக்கும் தட்டில் வைத்தாள். திரும்பி வந்து ஒரு கணம் யோசித்தாள். பிறகு அக்காவின் செருப்பில் ஒன்றை, தங்க நிறப் பட்டை வைத்த அந்த உயர்ந்த ரகச் செருப்பை, எடுத்து அழுகல் பையின் மேல் வைத்தாள்.

அக்கா வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றைத் தேடினாள். பார்த்தாள். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ மூடி வச்சதுதானக்கா,” என்றாள் சின்னவள். “போற வழியிலதான் குப்பைத்தொட்டி.”

பெரியவளின் முகம் சிவந்தது. ஆனால் ஒற்றைச் செருப்போடு யாரும் தெருவில் இறங்குவதில்லை. செருப்பைத் தட்டி எடுத்து மாட்டிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தி, பையை இரண்டு விரலால், உடம்பிலிருந்து கை நீளத்துக்கு எட்டப் பிடித்தபடி படியிறங்கினாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மாடிப்படி முழுக்க அந்த நாற்றம் அவளோடு கீழே போவது தெரிந்தது.

சின்னவள் சமையலறைத் திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பிய்ந்து கையில் வந்தது. விரல் நுனியை மோந்து பார்த்தாள். இன்னும் உருளைக்கிழங்கு. இன்று முழுக்க இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கீழே அக்காவின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“சின்னவளே,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலேயே.

“என்னப்பா?”

“கொழா.”

குளியலறையிலிருந்து தண்ணீர் வழிந்து கூடம் வரை வந்துகொண்டிருந்தது.